கன்னிகாவின் லைசென்சும் துணைக்கு வந்தவளும்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் ஒரு தறி செட்டுக்குள் நுழைந்தால் முதல் வேலையாகக் காதைப் பொத்திக்கொள்வீர்கள். இருபது விசைத்தறி ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் அங்கே யாரும் வாயால் பேசி வீணாவதில்லை. இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினால் இழை அறுந்துவிட்டது. கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் டீ. மீசையை முறுக்குவதுபோல் காட்டினால் முதலாளி பச்சையப்பன் வருகிறார் என்று அர்த்தம்.

இந்தக் கைப்பேச்சில் கன்னிகாவை மிஞ்ச ஆள் கிடையாது. நாலு வயதில் வந்த காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோனது. தெருவில் அவளோடு பேசத் தடுமாறும் ஜனம், செட்டுக்குள் வந்தால் அவளிடமே பாடம் கேட்கும். உதடு அசைவதைப் பார்த்தே தமிழையும் தெலுங்கையும் பிடித்துவிடுவாள். பக்கத்துத் தறி இந்திராணியும் அவளும் பதினெட்டு வருஷமாக ஓயாமல் ஊர்வம்பு பேசுகிறார்கள், ஒரு சத்தமும் இல்லாமல்.

புத்தூர், திருப்பதிக் கடைகளுக்கு மாதிரித் துணி கொண்டுபோக ஆள் வேண்டும் என்றார் பச்சையப்பன். கன்னிகாவிடம் ஸ்கூட்டி இருந்தது, தெருவுக்குள் நன்றாக ஓட்டவும் தெரியும். லைசென்ஸ்தான் இல்லை. முப்பத்தாறு வயதுவரை யாராவது ஒருவர் முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து வெளியூரைப் பார்த்தவளுக்கு அந்த வேலைமீது கொள்ளை ஆசை.

போனாள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு. எந்த ஊர் ஆபீஸ் என்று சொல்லி நான் வம்பை விலைக்கு வாங்கப்போவதில்லை. அங்கே இருந்த கிளார்க் அவளை ஏற இறங்கப் பார்த்து, “காது கேக்காதவங்களுக்கெல்லாம் லைசென்ஸ் கெடையாதும்மா. பின்னாடி ஹாரன் அடிச்சா இன்னா பண்ணுவே?” என்றார். அந்த உதட்டைப் படித்த கன்னிகாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அழுதுகொண்டு உட்காருகிற ரகமில்லை அவள். போனைக் குடைந்து குடைந்து, காது கேளாதவருக்கும் லைசென்ஸ் தரலாம் என்கிற மத்திய அரசின் உத்தரவைத் தேடிப் பிடித்தாள். மூன்று பிரதி எடுத்துச் சிவப்பு மையால் கோடு போட்டாள். ஒன்று முதலாளிக்கு, ஒன்று பூஜை அலமாரிக்கு, ஒன்று அதே ஆபீஸ் இன்ஸ்பெக்டர் முரளிதரனின் மேஜைக்கு.

முரளிதரன் படித்தார். பின்பக்கம் மாற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திருப்பியும் பார்த்தார். “சட்டமே சொல்லிடுச்சு, இனிமே நான் யாரு?” என்று சிரித்து, முதலில் எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்ஸ் போட வழிசெய்தார். வண்டி ஓட்டிக் காட்டும் நாளில், தான் சொல்வதைச் சைகையில் எடுத்துச் சொல்ல ஓர் ஆளைக் கூட்டிவரலாம், அதுவும் அவள் உரிமைதான் என்றார்.

வேறு யார்? கல்யாணப் பட்டுப்புடவையோடு வந்து இறங்கினாள் இந்திராணி.

மைதானத்தில் பத்தடி தள்ளி நின்று முரளிதரன் சொன்னார்: “எட்டுப் போட்டுட்டு அந்தக் கொடிகிட்ட நிறுத்தணும். கால் கீழ படக்கூடாது.”

இந்திராணி பளிச்சென்று சிரித்தாள். அவர் மறுபடியும் சொன்னார்.

“இன்னா சார், வாய்க்குள்ளயே பேசிக்கினு கீறீங்க? கொஞ்சம் கத்திச் சொல்லுங்க!”

அவர் கத்தினார். வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. இந்திராணி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கன்னிகாவைப் பார்த்தாள். முதல் தடவையே உதட்டைப் படித்துவிட்டிருந்த கன்னிகா, மளமளவென்று கையால் சொன்னாள். உடனே இந்திராணி நெஞ்சை நிமிர்த்தி இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள்.

“எட்டுப் போடணும், கொடிகிட்ட நிக்கணும், கால் கீழ படக்கூடாது. அதானே சார்?”

“அத நான்தாம்மா சொன்னேன்!” முரளிதரன் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏமம்மா, உங்க ரெண்டு பேர்ல யாருக்கு வினபடாது, யாருக்குக் காது கேக்காது?” என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார்.

“இன்னா சொல்றாரு?” என்று இந்திராணி கையால் கேட்டாள்.

கன்னிகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பதினெட்டு வருஷத் தறிச் சத்தம் சிநேகிதியின் காதைத் தின்றிருக்கிறது. கையால் பேசுகிற செட்டுக்குள் அது யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கே தெரியவில்லை. இத்தனை பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வது?

“நீ நல்லா சொன்னியாம்” என்று பொய் சொன்னது கன்னிகாவின் கை.

பிறகு வண்டியை எடுத்தாள். எட்டு அழகாக விழுந்தது. இரண்டு கண்ணாடியையும் இப்படி மாற்றி மாற்றிப் பார்த்து ஓட்டுகிற ஆளை முரளிதரன் அந்த மைதானத்தில் பார்த்ததே இல்லை. கொடியருகே நின்றபோது அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அதற்கு எடுத்துச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

லைசென்ஸ் தபாலில் வந்த அன்றைக்கு முதலாளி தன் கையாலேயே மீசையை முறுக்கிக் காட்டி, துணி மூட்டையைக் கொடுத்தார். திருப்பதிக்கு முதல் பயணம். இந்திராணி ஒருநாள் லீவு போட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள். கடைகளில் துணியைக் கொடுத்து முடித்ததும் ஸ்கூட்டி ஊருக்குத் திரும்பாமல் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

“இங்க எதுக்குடி?”

“ஒங்காதக் காட்டணும். மெஷின் வாங்கலாம். காது கேக்காதவங்களுக்குத் தர்ற சர்ட்டிபிகேட்டு ஒனக்கும் கெடைக்கும்” என்று கையால் சொன்னாள் கன்னிகா.

“எனக்கு இன்னா கேடு? நல்லாத்தான் கேக்குது!” இந்திராணிக்குக் கோபம் வந்துவிட்டது.

“வடமாலப்பேட்டைலேர்ந்து ஹாரன் அடிச்சிக்கினே வந்தேனே, கேட்டுதா?”

இந்திராணி ஹாரன் பொத்தானைப் பார்த்தாள். பிறகு கன்னிகாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் இறங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே டாக்டரம்மா பெயர் கேட்டார். இந்திராணி கன்னிகாவின் கையைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள்.