கடலுக்கும் நாவுலவுக்கும் நடுவில் ஒரு குசினி

"என்ட மகன் வாயத் தொறந்தபடி கல்லு மாதிரி நிக்கிறான், கண்ணு கூட வெட்டல்ல! உங்கட ஊட்டுக்காரர் கேபிள் பாக்கிறாரா, கொக்கு பாக்கிறாரா?"

பக்கத்து வீட்டு பரீதா ராத்தா காலை ஏழரைக்கு மதிலுக்கு மேலால் போனை நீட்டிக் கேட்டது இது. ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. போனுக்குள் அவர் மகன் ரியாஸ், டோஹாவில் வேலை செய்கிறவன், கொட்டாவி விட்டதுபோல உறைந்து நின்றான். கரண்டியும் கையுமாக நான், "ராத்தா, நான் பருப்பு தாளிச்சுக்கிட்டு இருக்கேன், கேபிள் தாளிக்கல்ல" என்றேன். "கேபிள்காரர்ட பொஞ்சாதி தானே நீங்க!" என்று அவர் தொடங்க, அவருடைய கணவர் காஸிம் நானா கடையைத் திறக்கச் சாவிக்கொத்தோடு வெளியே வந்தார். யார் பக்கமும் பேசாமல் படத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உடு புள்ள, கடலத் தாண்டி வார படம். கொஞ்சம் களைச்சுப் போய் நிக்கிது."

கண்ணாடி இழைக் கேபிள் பொருத்துகிற மனுஷனைக் கட்டிக்கொண்டால் அவர் வேலையில் பாதியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டதாக அர்த்தம். மின்சாரக்காரர், தண்ணீர்க் குழாய்க்காரர் என்று யாரையாவது கட்டிக்கொண்டு மதிலுக்கு மேலால் ஏச்சு வாங்குகிற சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

மூன்று பக்கத்து டெலிபோன்

வெளிநாட்டிலிருந்து வருகிற பேச்சும் படமும் கடலுக்கடியில் ஒரு கேபிளில் வந்து கொழும்புப் பக்கம் கரையேறும். அங்கே ஒரு நிலையத்தில் அதைத் தரைக் கேபிளோடு சேர்ப்பார்கள். தரைக் கேபிள் இரண்டு வழியில் மாத்தளைக்கு வருகிறது. ஒன்று கண்டிப் பக்கமாக, மற்றது தம்புள்ளையைச் சுற்றி நாவுல வழியாக. உள்ளே பன்னிரண்டு இழை, ஒவ்வொன்றும் தலைமுடி மொத்தம். ஆழ்கடலில் சுறாவுக்குத் தப்பி வந்த சாமான் எங்கள் ரோட்டோரக் கானில், தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில், மண் தோண்டுகிற ஒரு பெக்கோ மெஷினின் பல்லில் மாட்டிச் சாகும்.

லைன் அறுந்ததும் ஒரு டெலிபோன் கூட்டம் தொடங்கும். அதில் மூன்று பேர்: கடல், கொழும்பு, தரை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கடல் என்கிறவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறாரோ, ஆங்கிலம் மட்டும் பேசுவார். தரை என்கிறவர் எங்கள் வீட்டுக்காரர் சேவியர். அவருக்கு ஆங்கிலத்தில் பன்னிரண்டு நிறத்தின் பெயர் தெரியும், அதற்கு மேல் "யெஸ் சேர்". நான் கன்னியாஸ்திரிகளிடம் அடிமட்டத்தால் அடி வாங்கி ஆங்கிலம் படித்தவள். ஒரு நாள் பள்ளத்துக்குள் இருந்து வீட்டுக்கு அழைத்து, "ரீட்டா, இத மட்டும் கொஞ்சம் பேசிடு" என்று என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். அந்த "மட்டும்" இப்போது எட்டாவது வருஷம் ஓடுகிறது. சம்பளம் அவருக்கு, தொண்டை எனக்கு.

கடல் சொல்லும், பிழை தரையில். கொழும்பு சொல்லும், பிழை கடலில். நடுவில் நான், குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு கண்டிப்பான சட்டம் உண்டு. மூன்று பக்கமும் "கொப்பி", அதாவது கேட்டது விளங்கியது, என்று வாயால் சொன்னால்தான் யாரும் இழையில் போகிற வெளிச்சத்தில் கைவைக்கலாம். ஒரு பக்கம் பேசாமல் இருந்தாலும் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒருமுறை நான் அவசரமாகக் குக்கரை இறக்கப் போய்த் திரும்பி வர, கடல் பயந்துபோய்க் காத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: "தரை, உங்கள் பக்கம் மூன்று தரம் ஓர் அபாயச் சங்கு ஊதியது. எங்கள் இயந்திரம் எதுவும் காட்டவில்லையே, எல்லாரும் உயிரோடு இருக்கிறீர்களா?"

வாழைக்கன்று வைத்த பள்ளம்

கேபிள் எங்கே அறுந்தது என்று காட்ட ஒரு பெட்டி இருக்கிறது. இழைக்குள் வெளிச்சத்தை அனுப்பி, அது முட்டித் திரும்புகிற நேரத்தை வைத்து இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும். முதல் வருஷம் அந்தக் கணக்கை நம்பி சேவியரும் அவருடைய கூட்டாளி சுனிலும் வேனில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே போய், நாவுலவுக்கு அப்பால் ஒரு மிளகாய்த் தோட்டத்து வேலியோரம் இறங்கித் தோண்டினார்கள். கேபிள் முழுசாக, மினுமினுப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளித் தோண்டினார்கள். அதுவும் முழுசு.

பெட்டி பொய் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும் என்று ஒவ்வொரு இணைப்புக் குழியிலும் சில மீட்டர் கேபிளைப் பாம்புபோலச் சுருட்டி வைப்பார்கள். வெளிச்சம் அந்தச் சுருளெல்லாம் சுற்றிச் சுற்றித்தான் போகும், வேன் நேராகப் போய்விடும். சுருளைக் கழிக்க வேண்டும் என்பது இரண்டு ஆம்பிளைகளுக்கும் தெரியும், இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். மூன்று மணித்தியாலம் வீண். அன்றிலிருந்து எந்தக் குழியில் எத்தனை மீட்டர் சுருள் என்று ஒரு சீ.ஆர். கொப்பியில், தடித்த நோட்டுப் புத்தகத்தில், எழுதி, அதை மசாலாப் போத்தல்களுக்குப் பக்கத்தில் நான் வைத்திருக்கிறேன். தோட்டக்காரர் கோபப்படவில்லையாம். பள்ளத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சிங்களத்தில் அவர் சொன்னதை சுனில் அப்படியே எனக்கு ஒப்பித்தான்: "மாத்தயா, தோண்டினது தோண்டினீங்க, போறதுக்கு முன்னால ஒரு வாழைக்கன்ன வச்சிட்டுப் போங்க."

நீலம் முதல், அக்வா கடைசி

பன்னிரண்டு இழைக்கும் பன்னிரண்டு நிறம். நீலம், செம்மஞ்சள், பச்சை, கபிலம் என்று போய்க் கடைசியில் ரோஸ், அக்வா. அக்வா என்றால் வெளிர்நீலம், நம் கண்ணுக்கு அதுவும் பச்சையும் ஒன்றுதான். சேவியர் நீலத்தில் தொடங்கி ஜெபமாலை சொல்வதுபோல ஒவ்வொன்றாகத் துடைத்து, வெட்டி, உருக்கி ஒட்டி அக்வாவில் முடிப்பார். நடுவில் மழை வந்தாலும் சரி, மந்திரி வந்தாலும் சரி, தாண்ட மாட்டார். ஒருமுறை மங்கின வெளிச்சத்தில் சுனில் அவசரப்பட்டுப் பச்சைக்கும் அக்வாவுக்கும் முடிச்சுப் போட்டு, முழு நாளும் தலைகீழாகப் போனதாம். "வரிச தப்பினா எல்லாம் தப்பும்" என்பது சேவியருடைய வேதவாக்கு.

எனக்கு அந்த வரிசை எரிச்சல்தான். சோறு போட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருப்பது? சுனிலிடம் ஒரு நாள் குறைப்பட்டேன். அவன் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தன்னுடைய தமிழில் சொன்னான்: "அக்கே, தேவதூதன் வந்தாலும் இவரு நம்பர் குடுத்து உக்கார வைப்பாரு."

அஸருக்கு முன்

ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் காஸிம் நானா மௌத்தாகிவிட்டார். தொழுகைக்கு எழும்பியவர் அப்படியே சரிந்துவிட்டார். அவர்களில் அன்றைக்கே அடக்கம் செய்துவிட வேண்டும். லுஹருக்கு, மதியத் தொழுகைக்கு, எடுப்பதாக இருந்ததைப் பள்ளிக்காரர்கள் ரியாஸுக்காக அஸர் வரைக்கும், அதாவது பின்நேரத் தொழுகை வரைக்கும், பொறுப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் டோஹாவிலிருந்து வந்து சேர வழியில்லை. வாப்பாவின் முகத்தைப் படத்திலாவது பார்த்துவிட வேண்டும் என்று நின்றான்.

அந்தக் கிழமைதான் கண்டிப் பக்க வழி மண்சரிவில் போயிருந்தது. காலை பத்து மணிக்கு நாவுலப் பக்கமும் அறுந்தது. மலைமேல் டெலிபோன் கோபுரம் வழியாகப் பேச்சு மட்டும் எப்படியோ போகும், படம் போகாது. பரீதா ராத்தா மதிலடிக்கு வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார்: "ரீட்டா, புள்ளட கொரல் கேக்குது. கொரல் போதாது தானே."

கேபிளை வெட்டிய பெக்கோக்காரன் பள்ளத்தை மூடிவிட்டுப் போயே போய்விட்டான். பெட்டி ஒரு கணக்குச் சொன்னது. நான் கொப்பியைத் திறந்து ஒவ்வொரு சுருளாகக் கழித்து, "ரெண்டாவது போக்குக்கு, அந்தச் சின்னப் பாலத்துக்கு, இந்தப் பக்கம் பாருங்க" என்றேன். ஈர மண் அங்கேதான் கிடந்தது. இரண்டு நுனியையும் தேடி எடுத்துத் தோலுரித்துக் கழுவி வைக்கும்போது மணி இரண்டரை தாண்டிவிட்டது. சேவியர் போனைப் பள்ளத்தின் விளிம்பில் வைத்தார். "ப்ளூ" என்று அவர் தொடங்கியது கேட்டது.

வெளிநாட்டுப் படம் போகிற இழை ஜோடி எதுவென்று கொப்பியில் பார்த்தேன். ரோஸும் அக்வாவும். அவர் வரிசைப்படி வந்தால் காஸிம் நானா மண்ணுக்குள் போயிருப்பார்.

"இங்க பாருங்க, ரோஸையும் அக்வாவையும் மொதல்ல போடுங்க."

"வரிச இருக்கு ரீட்டா."

"வரிச உங்களுக்கு. அஸர் அவங்களுக்கு."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் எனக்காக ஒரு பஸ்ஸைக்கூட ஓடிப் பிடித்ததில்லை. வெட்டுக் கருவி "டிக்" என்றது. பிறகு இரண்டாவது "டிக்". போனுக்கு வாயை ஒட்டிக்கொண்டு சுனில் கிசுகிசுத்தான்: "அக்கே, கத்த வாணாம். ரோஸ எடுத்துட்டாரு."

கொப்பி

ரோஸ் ஒட்டியது. அக்வாவை அவர் வெளிச்சத்துக்குப் பிடித்து, பச்சை இல்லை என்று சுனிலிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் ஒட்டினாராம். கொழும்பு "வெளிச்சம் வந்துவிட்டது" என்றது. குசினி ஜன்னலால் பார்த்தேன். பக்கத்து முற்றத்தில் சந்தூக்கை, மையித்துப் பெட்டியை, தூக்க ஆட்கள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். ராத்தாவின் தம்பி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் மதிலைத் தாண்டி ஒரு குரல் வந்தது: "வாப்பா… வாப்பா… கொஞ்சம் கிட்டப் புடிங்க மாமா." படம் அன்றைக்குக் களைத்து நிற்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பு சட்டத்தை எடுத்தது. ஒட்டின ஜோடியில் போகிற வெளிச்சத்தை, படத்தோடு சேர்த்து, மறுபடி நிறுத்தி, எவ்வளவு வெளிச்சம் சிந்துகிறது என்று அளந்து கையெழுத்து வைக்க வேண்டும். அது முறை, நான் மறுக்கவில்லை. "கடல், தரை, சோதனைக்குத் தயாரா?" என்று கேட்டார்கள்.

கொன்வென்டில் அடித்துப் படிப்பித்த "ப்ளீஸ்" என்ற சொல்லை எட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்த லைனில் சொன்னேன். "ப்ளீஸ், இருபது நிமிஷம் அந்த ஜோடியைத் தொடாதீர்கள். ஒரு மகன் தகப்பனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்."

கடல் பேசவில்லை, கொழும்பு பேசவில்லை, நாவுலப் பள்ளத்திலிருந்தும் சத்தமில்லை. கேட்டதற்குப் பதில் வராவிட்டால் ஊரைக் கூட்டுகிற நான், அந்தச் சோதனைக்கு ஒருவரும் வாய் திறந்து "கொப்பி" சொல்லிவிடக் கூடாதே என்று அடுப்பையும் அணைத்துவிட்டு நின்றேன்.