வால் ஆட்டுவதெல்லாம் உள்ளானா?

குளிர்காலத்துக்கு வரும் பறவைகளைப் படிக்கச் சேருகிறவர்களுக்கு முதலில் வந்திறங்குவது தலைவலி. பைனாகுலரைத் தொங்கவிட்டுக் கழுத்து சுளுக்கியவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும். பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், வண்ணார்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சங்கரன் அண்ணாச்சியையும் இழுத்துக்கொண்டு பாளையங்கோட்டைப் பறவை வகுப்பில் சேர்ந்தேன்.

ஆட்டும் வால்

ஜெபா டீச்சர் திரையில் மூன்று உள்ளான்களைக் காட்டினார். மூன்றும் பழுப்பு, மூன்றும் சேற்றில் நின்றன. ஒரே பறவையை மூன்று தடவை காட்டுகிறார் என்றே நினைத்தேன். "இது வாலை ஆட்டிக்கிட்டே இருக்கும். அதை வச்சிக் கண்டுபிடிச்சிரலாம்" என்று ஒன்றைச் சுட்டினார். நான் நிம்மதியாகத் தலையாட்டினேன். அண்ணாச்சி எழுந்து நின்றார். "டீச்சர், போன வாரம் வாலாட்டின்னு பேரே வச்ச குருவி ஒண்ணு காட்டுனியளே, அப்போ அது என்னத்த ஆட்டுதாம்?"

படித்துறைப் பக்கம்

முதல் வெளிப்பயணம் சீவலப்பேரி ஆற்றங்கரை. சற்றுத் தள்ளிப் பாறையில் ஒரு வால் ஆடியது. உள்ளானா, வாலாட்டியா? பைனாகுலரை எடுத்தவன் கீழே இறக்கவே இல்லை. பறவை படித்துறைப் பக்கம் நகர, நானும் அதோடு திரும்பினேன். திடீரென்று கண்ணாடி நிறையச் சேலை. குளித்துக்கொண்டிருந்த பெண்கள் கூச்சல் போட்டார்கள். டீச்சர் ஓடிவந்து, பறவைப் புத்தகத்தை விரித்துக் காட்டி எனக்காக மன்றாடினார். ஒரு அம்மா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குருவி பாக்க வந்தவரு மரத்தப் பாருங்க பெரியவரே, பொம்பளயோ குளிக்க எடத்துல ஒங்களுக்கு என்ன சோலி?"

கைக்கு வந்த வாத்து

நாங்குநேரிப் பக்கம் ஒரு குளம், குளம் நிறைய வாத்துகள். ஆண் வாத்துகளுக்கு எப்படியோ பேர் சொல்லிவிட்டேன். பெண் வாத்துகள் எல்லாம் ஒரே அச்சு. பருந்து ஒன்று தாழப் பறந்ததும் கூட்டம் எழும்பியது. ஒன்று மட்டும் தண்ணீரில் அடித்துக்கொண்டு கிடந்தது. காலில் அறுந்த நைலான் வலை. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார், பின்னாலேயே நானும். நான் பறவையைப் பிடித்துக்கொள்ள, அவர் சாவிக்கொத்துக் கத்தியால் இழை இழையாக அறுத்தார். என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது, எனக்கும் அப்படித்தான். இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்தும் கிளுவையா, நீலச்சிறகியா என்று தெரியவில்லை.

கரையிலிருந்து டீச்சர், "சிறகைப் பைய விரிச்சிப் பாருங்க, பச்சை பளபளத்தா கிளுவை!" என்று கத்தினார். அதற்குள் நான் வாத்தை விட்டிருந்தேன். அது தண்ணீரை உரசி எழும்பிக் கூட்டத்தோடு கலந்தது. அண்ணாச்சி முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டார். "பேரு கெடக்கட்டும் வே, உசுரோட போவுதுல்லா!"

இன்றைய தேதிக்கு நான் சந்தேகமில்லாமல் பேர் சொல்லும் பறவை காக்கா ஒன்றுதான், அதுவும் குளிர்காலத்துக்கென்று எங்கிருந்தும் வருவதில்லை.