ஆடிட்டில் பாஸான தெரு

எங்கள் தெருவில் ஏழைகள் யாரும் இல்லை என்று நகராட்சி எழுதிக் கொடுத்த காகிதம் ஒன்று இன்னும் என் வீட்டு பீரோவில் இருக்கிறது. அந்தக் கௌரவத்தைத் தெருவுக்கு வாங்கிக் கொடுத்த புண்ணியவதி வேறு யாருமில்லை, நான்தான்.

ஊர்ப் பெயர் வேண்டாம். வேலூரிலிருந்து ஆம்பூருக்கு பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிற ஓர் இடம் வரும். அங்கே இறங்கி ரயில் பாதையைத் தாண்டினால் எங்கள் தெரு. ஆண்களுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை, பெண்களுக்கு ஷூ கம்பெனியில். கம்பெனிக்குப் போக முடியாத பெண்கள் வாசலில் உட்கார்ந்து அப்பர் தைப்பார்கள். ஷூவின் மேல்பாகத்தை ஊசியும் நூலும் வைத்துக் கையாலேயே தைக்கிற வேலை. எங்கோ குளிர் தேசத்தில் ஒரு துரை கால் வலிக்காமல் நடக்க வேண்டும் என்பதில் எங்கள் தெருவுக்கு அவ்வளவு அக்கறை. நாங்கள் ஒதுங்குவதற்கு எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்பதில்தான் ஒருவருக்கும் அக்கறை இல்லை.

தெருமுனையில் பொதுக் கழிப்பறை இருந்தது. கட்டடம் இருந்தது என்று சொல்ல வேண்டும். தொட்டி உள்வாங்கி, குழாய் உடைந்து, இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. எங்கள் வீடுகளில் தனியாகக் கட்டிக்கொள்ள இடம் ஏது? என் வீட்டில் கழிப்பறை கட்டினால் குடும்பம் தெருவில்தான் படுக்க வேண்டும். ஆகவே எல்லோருக்கும் பாலாறுதான். தண்ணீர் ஓடாத ஆறு என்பதால் முள்ளுச்செடிகளுக்குப் பஞ்சமில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்த ஆறும் இல்லாமல் போயிற்று. மகளைக் குடியாத்தத்தில் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியாக அப்பர் தைத்துப் பிழைப்பவள். ஆற்றுக்குப் போகிற வழியில் தண்டவாளத்துக் கருங்கல்லில் வழுக்கி விழுந்து முட்டி உடைந்தது. அதற்குப் பிறகு விடிவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, என் தோளைப் பிடித்துக்கொண்டு போய் வருவாள். மீதி நாள் முழுக்கச் சமாளிக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள்.

வெயிலில் உட்கார்ந்து தைப்பவள், உதடு வெடித்திருக்கும், பக்கத்திலிருக்கும் சொம்பைத் தொடமாட்டாள். நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இப்படியே போனால் சிறுநீரகம் போய்விடும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார்.

“டாக்டருக்கு இன்னா, எழுதிட்டாரு. குடிச்சிட்டு எங்க போறதுன்னு எழுதலியே” என்றாள் அக்கா.

அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு மனு எழுத ஆரம்பித்தேன். பன்னிரண்டாவது வரை படித்தவள், ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் பதினெட்டு வருடம் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவள். குறை எழுத என்னைவிட யார் பொருத்தம்? ஒவ்வொரு மனுவுக்கும் நகராட்சியில் முத்திரை குத்தி ரசீது கொடுத்தார்கள். ரசீது விஷயத்தில் அவர்களைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ரசீதுகள் ஒரு கை சேர்ந்ததும், காலிக் குடங்களோடு போய் ஆபீஸ் வாசலை அடைத்து உட்கார்ந்தோம். உள்ளே போக முடியாமல் தவித்த ஓர் அதிகாரிதான் கடைசியில் வாய் திறந்தார். ஊரில் ஏழைகள் இருக்கும் தெருக்களைப் பட்டியல் எடுக்கப் போகிறார்களாம். ஆள் நேரில் வந்து பார்ப்பார், பட்டியலில் ஏறினால் முதல் வேலை கழிப்பறைதான் என்றார்.

“வர்ற வியாழக்கெழமை இன்ஸ்பெக்ஷன்” என்றும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எங்களுக்குப் புத்தி பேதலித்தது. ஷூ கம்பெனியில் வேலை பார்த்த யாருக்கும் இன்ஸ்பெக்ஷன் என்றால் கை தானாகத் துடைப்பத்தைத் தேடும். ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிறான் என்றால், நான் இருந்த கம்பெனியில் ஒரு வாரத்துக்கு முன்பே சுவருக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். எந்நாளும் கண்ணில் படாத கையுறையும் மாஸ்க்கும் அன்று முளைக்கும். கழிப்பறையில் சோப்பு இருக்கும். கேள்வி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் வரிசையாக நிற்க வைத்துப் பாடம் நடத்துவார். தண்ணீர் இருக்கிறதா, இருக்கிறது. ஓவர்டைம் உண்டா, இல்லை. பிரச்சினை ஏதாவது, ஒன்றும் இல்லை. ஆடிட்டில் ஃபெயிலானால் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் வேலை போய்விடும். இந்தப் பாடம் எங்கள் எலும்பில் ஏறிய பாடம்.

புதன்கிழமையே தெரு முழுக்க இறங்கிவிட்டது. சாக்கடையை வாரினோம், ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவினோம். டீக்கடை பாய் ரம்ஜானுக்கு அடித்தது போக மிச்சம் வைத்திருந்த வெள்ளைப் பெயிண்டைக் கொடுத்தார். அதை எங்கே அடிப்பது என்று யோசித்து, பூட்டிக் கிடந்த கழிப்பறையின் வெளிச்சுவருக்கு அடிக்கச் சொன்ன மகா புத்திசாலி நான். அசிங்கமாக இருக்கிறதே என்று பட்டது. மூளையைக் கம்பெனி லாக்கரிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன் போல.

வியாழக்கிழமை வேறோர் அதிகாரி வந்தார். கையில் படம் எடுக்கிற டேப், கழுத்தில் அட்டை. கோலத்தை மிதிக்காமல் சுற்றி நடந்தார், நல்ல மனிதர். இரவல் வாங்கிய நாற்காலியில் அக்காவை உட்கார வைத்திருந்தோம்; மகள் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சேலையைக் கட்டியிருந்தாள்.

“தெருவுல கழிப்பறை இருக்குதாம்மா?”

“இருக்குது சார்” என்றாள் அக்கா.

“தண்ணி வருதா?”

“வருது சார்.”

“வேற எதுனா பிரச்சனை?”

“ஒண்ணும் இல்ல சார்.”

பக்கத்தில் நின்ற நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? நன்றாகப் பதில் சொல்கிறாளே என்று பெருமையாகத் தலையாட்டினேன். அதிகாரி கதவுப் பக்கம் போகாமல் வெள்ளைச் சுவரை மட்டும் படம் எடுத்துக்கொண்டார். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டோம். போகும்போது அவருக்கும் டிரைவருக்கும் பாய் வீட்டுப் பிரியாணி கட்டிக் கொடுத்தோம். ஒரு குறைகூடச் சொல்லாமல் போய்விட்டார் என்று பெண்கள் கையைத் தட்டிச் சிரித்தோம்.

சாயங்காலம் டீக்கடையில் பாய்தான் கேட்டார். “கஷ்டத்த பாக்க வந்தவருக்குக் கஷ்டத்தக் காட்டுனீங்களாம்மா?”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் கலக்கலுக்குக்கூட ஒதுங்க இடம் இல்லாத தெரு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

காகிதம் வந்தது. கழிப்பறை உண்டு, நல்ல நிலையில். குடிநீர் உண்டு. சுகாதாரம் திருப்தி. ஏழைகள் தெருப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை. ஆபீசுக்கு ஓடினேன். அங்கிருந்த கிளார்க் டேப்பில் படத்தைக் காட்டினார். வெள்ளை வெளேரென்று கழிப்பறை, பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நான்.

“நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா. இதுக்கு மேல நாங்க இன்னா செய்றது?”

அவர் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் என்னை எரித்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் காகிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “பாஸாயிட்டோம்னு சொல்லு” என்றாள். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை எனக்கு.

மறுநாள் பீரோவைக் குடைந்தேன். செக்கிங்கில் குறை உள்ள இடத்தைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர், வேலையை விட்டபோது ஒரு சுருள் என் பையோடு வந்திருந்தது. வந்திருந்தது என்றுதான் சொல்வேன். பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய் உள்வாங்கிய தொட்டியில் ஒட்டினோம், உடைந்த குழாயில், துருப்பிடித்த பூட்டில். படம் எடுத்து வார்டு கவுன்சிலரின் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலையில் போட்டோம். அவர் மாலை போட்ட தன் படத்தோடு காலை வணக்கம் சொல்வார். அதற்கு நேர் கீழே எங்கள் தொட்டி பதில் வணக்கம் சொல்லும். என்னை குரூப்பிலிருந்து நீக்கினார். அடுத்த வீட்டுக்காரி போட்டாள். அவளை நீக்கினார், அதற்கடுத்தவள் போட்டாள். தேர்தல் வருகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியதும் தெருவில் ஜல்லி வந்து இறங்கியது.

கட்டினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. புதுத் தொட்டி, டைல்ஸ், திருகினால் தண்ணீர் வருகிற குழாய். முட்டி மடங்காதவர்களுக்கு என்று உட்காரும் கழிப்பறை ஒன்று. அக்கா கம்பை ஊன்றிப் போய் டைல்ஸைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் புதுப் பூட்டு தொங்கியது.

கவுன்சிலரைப் பிடித்துக் கேட்டேன்.

“கட்சிப் பெரியவரு வந்து தெறக்கணும்மா. தேதி கெடைக்கல. இப்பவே வுட்டா அழுக்காயிடும், வர்றவங்க இன்னா நெனைப்பாங்க?”

வெள்ளையடிக்கச் சொன்னபோது நான் நினைத்ததும் இதேதான்.

மூன்று வாரம் பூட்டு தொங்கியது. அக்கா இரண்டாம் தடவை காய்ச்சலில் விழுந்தாள். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குடிக்கப் பயந்தவளுக்குக் கை வழியாக ஏற்றுவதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. யாரை அறைவது என்றும் தெரியவில்லை.

திரும்பி வந்த இரண்டாம் நாள், பட்டப்பகலில், அக்கா தைத்துக்கொண்டிருந்த அப்பரை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். தையலைத் தட்டிப் படிய வைக்கிற சின்னச் சுத்தியை எடுத்தாள். கம்பை ஊன்றித் தெருமுனைக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். பெரிய வீரமெல்லாம் இல்லை, தையலைத் தட்டுகிற அதே நிதானத்தில் தட்டினாள். பூட்டு மட்டமான பூட்டு, ஏழாவது தட்டில் வாயைப் பிளந்தது. கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

வெளியே வந்து வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். கழுத்தெல்லாம் வழிந்தது. இன்னொரு சொம்பு கேட்டாள், நான் மொண்டு கொடுத்தேன்.

மறுநாள் அதிகாரி விசாரணைக்கு வந்தார். அதே டேப், அதே அட்டை. பூட்டை உடைத்தது யார் என்று வீடு வீடாகக் கேட்டார். எங்கள் தெருவுக்குப் பாடம் மறக்கவில்லை.

“தெரியாது சார்.”

“எதுனா பாத்தீங்களா?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“வெளியாளுங்க வந்தாங்களா?”

“எல்லாம் நல்லாருக்குது சார்.”

கடைசியில் அக்காவிடம் வந்தார். வெயில் கொளுத்தியது, மனிதருக்கு வியர்த்து ஊற்றியது. அக்கா மடியிலிருந்த அப்பரை எடுத்துவிட்டு, சொம்பை அவர் பக்கம் நீட்டினாள்.

“தண்ணி குடிங்க சார். பயப்படாதீங்க, பாத்ரூம் தெறந்துதான் கெடக்குது.”