அமெரிக்காவில் ரவுட்டர் என்ன விலை?

போன சனிக்கிழமை, செங்கல்பட்டில் ஓர் எலெக்ட்ரிக்கல் கடை. என்னோடு வந்தவர் தேவசகாயம் அண்ணன். எங்கள் குவார்ட்டர்ஸில் எதிர் வீடு. ஆபீசில் ஒர்க்‌ஷாப் டெக்னீஷியன்; லீவு நாளில் தச்சர்.

"எரநூத்தி முப்பது வோல்ட்டை நூத்திப் பத்தா கொறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு குடுப்பா."

"இன்னாத்துக்கு அண்ணாத்த?"

"ரவுட்டருக்கு. அமெரிக்காலேர்ந்து வருது."

ரவுட்டர் என்றால் பலகையின் ஓரத்தை இழைத்து வளைவு, டிசைன் எல்லாம் எடுக்கும் மெஷின். கடைக்காரர் சிரித்துவிட்டார். "அதுக்கு இம்மாம் பெரிய டிரான்ஸ்ஃபார்மரா? பேஜாரு அண்ணாத்த. இன்னும் கொஞ்சம் போட்டா இங்கயே நல்ல மெஷின் கீது. நம்ம கரென்ட்டுலயே ஓடும்."

"மெஷின் வேணாம்பா. டிரான்ஸ்ஃபார்மர் குடு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். படிச்ச மனுஷன் நீயாவது சொல்லக் கூடாதா என்கிற பார்வை. சில நாள் முன்னால் என்றால் நானே சொல்லியிருப்பேன்... சில மாதம் முன்னால் என்றால் கொஞ்சம் கோபமாகவே.

காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இன்டர்நெட் வந்ததிலிருந்து, சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அண்ணன் ஆஜர். "கொஞ்சம் அமெரிக்கா கடையைத் தொற." உளி என்ன விலை, கிளாம்ப் என்ன விலை, ரம்பம் என்ன விலை? டாலரை ரூபாயாக்குவார். "பரவால்லயே" என்பார், அல்லது "கொள்ளை" என்பார். எழுந்து போய்விடுவார். எதையும் வாங்கியதில்லை. போன் பில் மட்டும் எனக்கு.

அங்கே எல்லாம் இஞ்ச் கணக்கு. அண்ணனோ மில்லிமீட்டர் மனுஷன். ஒர்க்‌ஷாப் டிராயிங்கில் வாழ்நாளெல்லாம் அதைத்தான் பார்த்தவர். "நிலாவுக்கு ராக்கெட் வுட்டவன், இன்னும் முக்கால் இஞ்ச்சு, அரைக்கால் இஞ்ச்சுன்னுகினு கீறான் பாரு" என்பார். நாம் மட்டும் என்ன யோக்கியம்? ஒரே பிளைவுட்டை 'எட்டுக்கு நாலு அடி, பதினெட்டு எம்.எம்.' என்று கேட்டு வாங்குகிறவர்கள்தானே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவல் வாங்கிய டிரில்லைத் திருப்பிக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். சர்ச்சுக்குப் போய் வந்த வெள்ளைச் சட்டையோடு போனில் நின்றிருந்தார். அமெரிக்காவில் இருக்கும் மகன் டேனியலிடம்தான் பேச்சு.

"அங்க ரவுட்டர் இன்னா வெலப்பா? ஒனக்குத் தெரியாதா? சரி, கடையில கேட்டுச் சொல்லு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முந்தின நாள்தான் அதே ரவுட்டரின் விலையை என் கம்ப்யூட்டரில் பார்த்தோம்! "அண்ணே, நேத்துதானே..." என்று நான் ஆரம்பிக்க, அவர் மனைவி மேரி அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டார்.

"கெடுத்துடாத தம்பி. வெல தெரிஞ்சுபோச்சின்னா அவன் இன்னாத்துக்குத் திரும்ப போன் பண்ணுவான்?"

நான் டிரில்லோடு நின்றேன். அக்கா தாழ்ந்த குரலில் சொன்னார். டேனியல் அங்கேயே ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். சொல்லவில்லை, போட்டோதான் வந்தது. அண்ணனுடையது செய்யூர்ப் பக்கம் அடுத்தவர் கொல்லையில் கூலிக்குக் கடலை பிடுங்கிய குடும்பம்; அந்த ஊரையே கூப்பிட்டு விருந்து போட வேண்டும் என்று இருந்தவர் அண்ணன். "என் வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு அக்கா மட்டும் பேசுவார். அண்ணன் பக்கத்து அறையில் மரம் இழைத்துக்கொண்டிருப்பார், இழைப்புச் சத்தமே வராமல்.

ஒரு நாள் அந்த அறையிலிருந்து குரல் வந்ததாம். "அங்க உளி இன்னா வெலன்னு கேளு." மகனுக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றான். மறுநாள் அவன் கூப்பிட்டபோது அக்கா மார்க்கெட்டில் இருந்தார். அண்ணன்தான் போனை எடுக்க வேண்டியிருந்தது.

அப்படி ஆரம்பித்ததுதான். விலை கேட்க ஒரு போன். மகன் இஞ்ச்சில் சொன்னால், "மில்லிமீட்டர்ல சொல்லுடா" என்று அதற்கு இன்னொரு போன். அண்ணனுக்கு அந்தக் கணக்குத் தெரியாதா என்ன? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சனிக்கிழமைதோறும் என் வீட்டில் அமெரிக்கக் கடையைத் திறந்தது, அடுத்து எதன் விலையைக் கேட்கலாம் என்று தேடத்தான்.

கல்யாணத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. உளி, கிளாம்ப், ரம்பம். அவ்வளவுதான்.

போன வாரம் டேனியலே கூப்பிட்டான். "அப்பா, வெல கேட்டுகினே கீறீங்க, வாங்கவே இல்லையே? ரவுட்டரை நானே வாங்கிட்டேன். கிறிஸ்மஸுக்கு எடுத்துகினு வரோம்."

'வரேன்' இல்லை. 'வரோம்'.

நல்ல செய்திதான். ஆனால் அந்த மெஷின் நம் கரென்ட்டில் ஓடாது. அதில் மாட்டி மரத்தைச் செதுக்கும் பிட்டெல்லாம் இஞ்ச் அளவு. அண்ணன் சேர்த்து வைத்திருப்பதெல்லாம் மில்லிமீட்டர். விவரம் தெரிந்தவன் என்கிற திமிரில் அதை அவரிடம் சொன்னேன். "இப்பவே அவன்கிட்ட சொல்லிடுங்கண்ணே. கடையில திருப்பிக் கொடுத்துடுவான்."

அண்ணன் பதறிப்போனார். "யோவ், வாயத் தொறந்துடாத! வேணான்னு சொன்னா, வரவேணான்னு சொன்ன மாரி ஆயிடும்யா. ஏற்கெனவே ஒருவாட்டி சொல்லிட்டு நான் பட்டது போதாதா?"

அதுவரை அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

அதனால்தான் அந்தக் கடையில், கடைக்காரரின் பார்வையைக் கண்டுகொள்ளாமல் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன். அம்மிக்கல் கனம். மாமல்லபுரம் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார் அண்ணன். கீழே வைக்கச் சொன்னால் கேட்கவில்லை. "இஞ்ச்சு பிட்டு எங்க கெடைக்கும்னு பாக்கணும்" என்றார். மில்லிமீட்டர் மனுஷன்!

என் மகள் புனேயில் வேலை பார்க்கிறாள். வாரம் ஒரு போன். "சாப்டியா?" "சாப்டேன்." "உடம்பு?" "நல்லாருக்கேன்." அதற்கு மேல் இருவருக்கும் எதுவும் கிடைக்காது. எங்களுக்குள் சண்டைகூட இல்லை.

நேற்று, நாள் கிழமை பார்க்காமல் நானே கூப்பிட்டேன். "அங்க கத்தரிக்காய் கிலோ என்ன விலைம்மா?"

"என்னப்பா திடீர்னு? தெரியலையே... சாயங்காலம் மார்க்கெட்ல கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

மணி இப்போது ஐந்து. போன் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.