பப்பாளிக் காம்பு வழியே துருவ நட்சத்திரம்

ஐம்பதுகளின் நடுவில், ஒரு மாசி மாதச் சனிக்கிழமை நாங்கள் மகாபலிபுரம் போனது சிற்பம் பார்க்க அல்ல. என் மனைவி கமலா செங்கல்பட்டில் பள்ளிக்கூட ஆசிரியை. துருவ நட்சத்திரம் எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ அதுவே நம் ஊரின் அட்சரேகை என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். "நீங்க அளந்து பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டுவிட்டாள். திங்கட்கிழமை அளந்து வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவள், என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் தெருவிலிருந்து வடக்கே பார்த்தால் குன்றுதான் தெரியும்; அந்த நட்சத்திரமோ நம் பக்கத்தில் மிகவும் தாழ்வு. திறந்த கடற்கரைதான் சரி.

கருவி அவளே செய்தது. ஒரு பலகையில் கால் வட்டம், அதில் டிகிரிக் கோடுகள், விளிம்பில் பப்பாளி இலைக் காம்பு, மூலையிலிருந்து தொங்கும் நூல். காம்பு வழியே நட்சத்திரத்தைப் பார்க்கும்போது நூல் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் உயரம். நூல் நுனியில் கட்ட எங்கள் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். என் மூளை அவ்வளவுதான்.

இரண்டு மணி பஸ். திருக்கழுக்குன்றம் வழியாகப் பதினெட்டு மைல், ஆளுக்குப் பத்தணா. "இன்னா சார் இது, தராசா?" என்றார் கண்டக்டர். "ஆமாம், நட்சத்திரம் நிறுக்க" என்றேன். கமலா என்னைக் கிள்ளினாள்.

ஏழு மணிக்கு நட்சத்திரம் தெரிந்தது. ஆனால் கடற்காற்றில் சாவி நிலைகொள்ளவில்லை. ஒரு தடவை ஐந்து, அடுத்த தடவை இருபது. எட்டு மணிக்குக் கடைசி பஸ். கமலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளைகள் முன்னால் எப்படி நிற்பது என்று புலம்பினாள்.

பக்கத்தில் வலை மடித்துக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெண் எழுந்து வந்தாள்.

"இன்னாம்மா, சாவிய காத்துல ஆட்டிகினு கீற?"

கமலா விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் வலையிலிருந்து ஓர் ஈயக்குண்டை அறுத்துக் கொடுத்தாள். "இத்த கட்டு. அண்ணாத்த, நீ துண்ட விரிச்சிகினு இந்தாண்ட நில்லு, காத்து மறையட்டும்."

நின்றேன். பதின்மூன்று, பன்னிரண்டு, மறுபடி பதின்மூன்று. வகுப்பு அட்லஸில் பன்னிரண்டரை. கமலா அவளை அப்படியே கட்டிக்கொண்டாள். அவளும் காம்பு வழியே பார்த்துவிட்டு, "குட்டியூண்டு கீதே!" என்று சிரித்தாள். எனக்கு இருவரையுமே ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அளக்கப் போகிறவர்கள் நிலவில்லாத மாலையாகப் பார்த்துப் போங்கள். கனமான குண்டும், துண்டு பிடிக்க ஓர் ஆளும் அவசியம்.

திரும்பும் பஸ்ஸில் கமலா மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, கல்யாணத்தன்னிக்கு வாத்தியார் துருவ நட்சத்திரத்தைக் காட்டினாரே, தெரியுதுன்னு தலையாட்டினேன். எனக்குப் பந்தல் கீத்துதான் தெரிஞ்சுது."

"எனக்கும் அதேதான்" என்றேன்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, அன்றைக்குத்தான் இருவரும் அதைச் சேர்ந்து பார்த்திருந்தோம்.