மாடியில ஆள் இருக்குது

சூரமங்கலத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு ஒப்பந்தம் பதினோரு மாதம். பாதிகூட முடியவில்லை, அலுவலகத்தில் என்னைச் சென்னைக்குத் தூக்கிப் போட்டார்கள். அப்போது ஆனி மாதக் கடைசி. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால், அது பிறக்கும் முன்பே கிளம்பிவிடத் துடித்தோம். அதே ஆடியில் காலியான மாடிக்கு யாரும் குடிவரவும் மாட்டார்கள் என்பது மட்டும் எனக்கு வசதியாக மறந்துபோனது.

கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். கணவர் இல்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் மகன், "மாடியில ஆள் இருக்கற வரைக்கும் இங்க இரும்மா. காலியாச்சுன்னா ஊட்டப் பூட்டிட்டு எங்கூட வந்துரோணும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது தெரிந்தேதான் நான் கையெழுத்துப் போட்டேன்.

விஷயத்தைச் சொல்லும்போது மனைவியை முன்னால் விட்டு நான் பின்னால் நின்றேன். என் வீரம் அவ்வளவுதான். அந்தம்மா ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஒரே ஒரு ஒத்தாச பண்ணுங்க சாமி. எம்பையனுக்குத் தெரிய வேண்டாம். ஆவணியில யாராச்சும் வந்துருவாங்க. அதுவரைக்கும் மாடியில ஆள் இருக்குதுன்னே இருக்கட்டுங்க" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இருந்த உறுத்தலில் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டியிருப்பேன். கொடியில் என் பழைய வேட்டியையும் வாசலில் பிய்ந்த செருப்பையும் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

ஆடிக் கடைசியில் ஒரு மதியம் அந்த மகன் கூப்பிட்டார். "ஏனுங்க, அம்மா காலையில இருந்து போன எடுக்க மாட்டேங்குது. கொஞ்சம் கீழ எறங்கிப் பாத்துச் சொல்றீங்களா?"

நான் சென்னையில் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பொய்யை நீட்டினால், அங்கே அந்தம்மா விழுந்து கிடந்தால் என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் அந்தம்மாவுக்கு அந்த வீடு இல்லாமல் போய்விடும். "நாங்க காலி பண்ணிட்டோங்க. நீங்க உடனே போய்ப் பாருங்க" என்றேன். அவர் உடனே போனை வைத்துவிட்டார்.

அந்தம்மாவுக்கு ஒன்றுமில்லை. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோது மகன் காரோடு வாசலில் நின்றிருந்தார். அன்று சாயங்காலமே வீட்டைப் பூட்டிவிட்டார்கள்.

மனசு கேட்காமல் நானே அந்தம்மாவைப் போனில் கூப்பிட்டேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "உங்க மேல தப்பில்லீங்க சாமி. நல்லதுக்குத்தான சொன்னீங்க" என்றார். பிறகு பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"ஆவணி ஒண்ணாந்தேதி பால் காய்ச்சறோம்னு ஒரு குடும்பம் வந்து பாத்துட்டுப் போச்சுங்க. அவங்கள வர வேண்டாம்னு நீங்களே போன் பண்ணிச் சொல்லீருங்க. எனக்குச் சொல்ல வாய் வரமாட்டேங்குது."

நம்பரைச் சொன்னார். குறித்துக்கொண்டேன்.