அனுமதி கேட்ட நடை

மலை விளிம்பு வழியாக நான்கு நாள் நடப்பதற்கான திட்டத்தை நான் எழுதத் தொடங்கியது நவம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. டயரியில் அப்படித்தான் இருக்கிறது. பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசைகள் ஓய்ந்து, வெளிநாட்டுக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கியிருந்த காலம். அதற்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, டாக்டர் என் மனைவியின் முழங்கால் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வருஷம் போனால் மேடு ஏற முடியாது என்றார். அவள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். முப்பது வருஷத்துக்கு மேல் மேடு ஏறிய கால்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் பேச்சு முழங்காலை விட்டு அருவிக்குப் போனது.

"அந்த ஆத்து சத்தத்த இத்தன வருஷமா கீழ நின்னே கேட்டாச்சு. விழுற எடத்த மேல போய் ஒருநாள் பாக்கணுங்க. கால் இருக்கும்போதே" என்றாள்.

பூண்டுலோயாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் எந்த மலையில் நின்றாலும் அருவிச் சத்தம் கேட்கும். கொழுந்து பறிக்கிறவர்கள் சரிவைப் பார்த்து நிற்பார்கள். பள்ளத்தாக்கு முதுகுக்குப் பின்னால் கிடக்கும். அருவியின் தலை அடுத்த தோட்டத்து எல்லைக்குள் இருக்கிறது. வேலை இல்லாமல் அடுத்த தோட்டத்து மலையில் கால் வைப்பது எங்களிடம் வழக்கமில்லை. காவல்காரன் என்ன சோலி என்று கேட்பான். சும்மா பார்க்க வந்தோம் என்ற பதிலை எங்கள் வாயிலிருந்து அவன் கேட்டிருக்க மாட்டான்.

நான் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்தவன். காற்றில் எவ்வளவு ஈரம், கொழுந்து எத்தனை மணிநேரம் காய்ந்தது என்று தினமும் எழுதிவைக்க வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்து, ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. படிப்பும் உண்டு. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் இந்த மலைகளைப் பற்றி எழுதிவைத்த பயணக் குறிப்புகளைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். பாறை முனைகளுக்குத் துரைகளின் பெயரும் அவர்களுடைய மனைவிமார் பெயரும் இருக்கும். ஓர் இடத்துக்கு ஒரு குதிரையின் பெயர். பாதை வெட்டியவர்களுக்குப் பெயர் கிடையாது.

எங்கள் தோட்டத்து எல்லை வரைதான் நான் நடந்து பார்த்திருந்தேன். மீதிப் பாதையைக் கல்யாண வீடுகளிலும் சாவு வீடுகளிலும் கேட்டுச் சேர்த்தேன். விளிம்புப் பாதையின் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொருவருக்குத் தெரியும்: தண்ணீர்க் குழாய் பார்ப்பவருக்கு ஒரு துண்டு, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்கு ஒன்று, டர்ப்பன்டைன் மரக் காட்டில் விறகு பொறுக்குகிற பெண்களுக்கு ஒன்று. முழுப் பாதையும் நடந்தவர் ஒருவரும் இல்லை. குளவிக்கூடு எங்கே, அட்டை எங்கே, குடிக்கிற தண்ணீர் எங்கே, மூன்று அருவிகளில் எதன் தலையில் நிற்கலாம், எதில் பாறை வழுக்கும் என்றெல்லாம் குறித்தேன். இரவு தங்க மூன்று தோட்டங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், சொந்தக்காரர்கள் இருந்தார்கள். பாதை சொன்னவர்கள் கொடுத்த நேரம் அனைத்தையும் இரண்டால் பெருக்கினேன். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை உட்காருவதற்கு இடமும் குறித்தேன். எல்லாம் அவளுடைய முழங்காலுக்காக.

பதினோரு பக்கம் வந்தது. மழையில்லாத மாதம் பெப்ரவரி. அவளுக்கும் லீவு சொல்லிவைத்தோம்.

அதன் பிறகு நான் செய்த காரியம்தான் இன்றுவரை என்னைத் தின்கிறது. அந்த மலைத் தோட்டங்களை எல்லாம் நடத்துகிற கம்பெனியின் கந்தோருக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில், பிழையில்லாமல், வரைபடத்தோடு பதினோரு பக்கத்தையும் இணைத்து. நல்லெண்ணம் தெரியட்டும் என்று நினைத்தேன்.

டிசம்பரில் பதில் இல்லை. ஜனவரியில் நேரே போனேன். அவர்களுடைய சுற்றுலா பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் இளம் அதிகாரி ஒருவர் கதிரை போட்டு உட்காரவைத்தார். சிங்களத்தில், மரியாதையாகத்தான் பேசினார்: "அங்கிள், இவ்வளவு விவரம் எங்களிடமே இல்லை. மேலே அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்."

பொறுத்தோம். பெப்ரவரி முழுவதும் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. அவள் மாலையில் வந்து காலை நீட்டி உட்கார்ந்து, "இன்னைக்கும் வெயிலுதான்" என்பாள். 

மார்ச் மாதம் டவுனில், நாங்கள் நானா என்று கூப்பிடும் சப்பாத்துக் கடைக்காரரிடம் போயிருந்தேன். அவளுக்காக அடி வழுக்காத சப்பாத்து ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன்.

"என்னா அண்ணே, மூணு மாசமா இந்தச் சப்பாத்து எங்கடையில குடியிருக்கு. எப்பதான் மலை ஏறப் போறீங்க?"

"அனுமதி வரல்ல நானா."

அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "அனுமதியா? எவன்கிட்ட கேட்டீங்க?"

சொன்னேன்.

"அட, ஒரு தொப்பியப் போட்டு, கழுத்துல ஒரு கேமராவ மாட்டிக்கிட்டுப் போயிருந்தா காவல்காரன் சலாம் வச்சு வழி காட்டியிருப்பானே. கொழும்புல இருந்து வாரவன் எவன் கடுதாசி எழுதுறான்? நீங்க கேட்டீங்க பாருங்க, அதுலயே தெரிஞ்சு போச்சு நீங்க லயத்து ஆளுன்னு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். அன்று இரவு டயரியில் அதை எழுதக் கை வரவில்லை, மறுநாள்தான் எழுதினேன்.

ஏப்ரல் புதுவருஷத்துக்கு முந்தைய வாரம் மேல் ரோட்டில் ஒரு பலகை நட்டார்கள். நான்கு நாள் நடை, மூன்று அருவி, ஏழு காட்சிமுனை. என் வரைபடம்தான், வர்ணம் அடித்திருந்தார்கள். குளவிக்கூடுகளை எடுத்துவிட்டார்கள், ஆட்கள் பயந்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கலாம். நேரங்களை மட்டும் மாற்றவில்லை. அங்கே நின்றிருந்த வெளிநாட்டுப் பையன்கள் இருவர் அதைப் படித்துவிட்டு, இந்தத் தூரத்துக்கா இவ்வளவு நேரம் என்று ஆங்கிலத்தில் பேசிச் சிரித்தார்கள். அது என் மனைவியின் முழங்கால் நேரம் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

அந்த வாரமே அதிகாரி லயத்துக்கு வந்தார். கோபித்துக்கொள்ள இடமே தராத மனிதர். தோட்டத்து ஆட்கள் அந்தப் பாதையில் தனியாக நடக்க மேலிடத்தில் சம்மதிக்கவில்லை, காப்புறுதிப் பிரச்சினை என்றார். ஆனால் எங்களுக்குச் சத்தம் கேட்கும் அந்த முதல் அருவியின் தலையில் விருந்தாளிகளுக்குச் சமைக்க ஆள் தேவை. ஆன்ட்டி வந்தால் பின்பக்கத்து ரோட்டால் ஜீப்பிலேயே கொண்டுபோய் விடுவோம், நடக்கவே வேண்டாம்.

அவர் போன பிறகு நான் சத்தம் போட்டேன். "நம்ம வழியில நாமளே எச்சித் தட்டு கழுவப் போறதா?"

"ஒங்களுக்கு வழி" என்றாள் அவள். "எனக்கு அந்த எடத்தப் பாக்கணும். எப்புடிப் போனா என்னா?"

அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனாள். சப்பாத்து இல்லாமல், பாட்டா செருப்போடு. நான் வாசலில்கூட நிற்கவில்லை. அதையும் எழுதிவைத்திருக்கிறேன். மாலை ஐந்தரைக்கு ஜீப் சத்தம் கேட்டது. தேத்தண்ணீர் ஊற்றிக்கொடுத்துவிட்டு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன்.

"பாத்தியா?"

"பாத்தேன். மேல இருந்து பாத்தா ஒண்ணுந் தெரியலங்க. தண்ணி பாறை வரைக்கும் வருது, அப்பறம் இல்ல. கீழ நின்னு பாக்குறது எவ்வளவோ மேல்."

"எவ்வளவு நேரம் நின்ன?"

"எங்க நின்னேன்? கிட்டப் போனேன். போட்டோ புடிக்கணும், கொஞ்சம் தள்ளுங்கன்னு ஒரு புள்ள சொல்லிச்சு. தள்ளிட்டேன்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சேலையில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து அடுப்பில் போட்டாள்.

"மூணாவது அருவிதான் பெருசு" என்றேன். "அதோட தலையில நின்னா முழுசாத் தெரியும். குழாய் பாக்குறவர் சொன்னாரு. வார பெப்ரவரியில யாருகிட்டயும் கேக்காம நாம ரெண்டு பேருமே போயிருவோம்."

"எந்தக் காலோட?" என்று கேட்டுவிட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி எழுந்து அரிசி களையப் போனாள்.